சக்கரம் மாற்றுவது மழைக்கு முன்னோ, பின்னோ?

நம் மேற்குக்கரைத் தோட்டங்களில் அக்டோபரும் நவம்பரும் பெருமழைக் காலம். தீபாவளியும் அப்பொழுதே வரும். கையில் சிறிது பணம் புழங்கும். புதுத்துணியோடு சைக்கிளுக்கும் புதுச் சக்கரம் பூட்டிவிடலாம் என்று மனம் தாவும். தோட்டத்துக் கிராணியாகிய எனக்கும் இவ்வாண்டு அவ்வெண்ணமே எழுந்தது. ஆயின், பண்டிகை வருகிறது என்பது சக்கரம் மாற்றுவதற்குத் தக்க காரணமாகுமா?

பட்டணத்துச் சைக்கிள் கடைக்காரர், "மழை விடட்டும் கிராணியாரே, தைப்பூசத்துக்கு மாற்றலாம். இப்பொழுது போட்டால் செம்மண் தின்றுவிடும்" என்றார். அவர் கூற்றில் நியாயமுண்டு. செம்மண் சாலையின் நுண்மணல் மழைநீரோடு கலந்து பிரேக் கட்டையில் ஒட்டிக்கொள்ளும். பிரேக்கைப் பிடிக்குந்தோறும் அஃது அரம்போல் ரிம்மின் பக்கச்சுவரை அராவும். வறண்ட காலத்தில் பல்லாண்டு உழைக்கும் அலுமினிய ரிம் சேற்றில் விரைவில் மெலியும். நீர் புகுந்த ஹப்பில் கிரீஸ் கெட்டுக் குண்டுகள் துருவேறும். ஆதலின் பழைய சக்கரத்தை மழைக்கு விட்டு, புதியதை வெயிலுக்கு வைத்துக்கொள்வது சிக்கனமே.

எனினும், பிரேக்கின் தேவை மிகுவது மழையிலன்றோ? நனைந்த ரிம்மை பிரேக் உடனே பற்றாது. நீர் வழிக்கப்பட்ட பின்னரே பற்றும். முலாம் பூசிய இரும்பு ரிம்மாயின் இன்னும் தாமதம். எங்கள் தோட்டத்துச் சாலை நெடிய இறக்கமாய்ச் சென்று பெருஞ்சாலையிற் சேருகிறது. அங்கே செம்பனை லாரிகள் ஓயாது ஓடும். காலைதோறும் 7 வயது மகளைப் பின்னால் அமர்த்தி அவ்விறக்கத்தில் பள்ளிக்கு இட்டுச் செல்பவன் நான். சிக்கனம் அவளினும் பெரிதன்று.

ஆகவே, நாளைப் பார்ப்பதை விடுத்து ரிம்மைப் பார்த்தேன். கணக்குப் புத்தகத்தில் கோடிழுக்கும் அடிக்கோலை ரிம்மின் பக்கச்சுவரில் வைத்தேன். பின் ரிம்மில் கோல் இடைவெளியின்றி ஒட்டி நின்றது. முன் ரிம்மிலோ நடுவே வெளிச்சம் தெரிந்தது. இதில் வியப்பில்லை. பிரேக் பிடிக்கையில் பாரம் முன்னோக்கிச் சாய்வதால், வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்தினுடையது. குழிந்த சுவர் டியூபின் காற்றழுத்தம் தாங்காமல் ஒருநாள் பிளக்கக்கூடும். ஓட்டத்தில் முன்சக்கரம் பிளந்தால் விழாமல் தப்புவது அரிது.

முடிவு எளிதாயிற்று. முன்சக்கரம் இப்பொழுதே, பின்சக்கரம் மழை விட்ட பின்னர். இரண்டிற்கும் புதிய பிரேக் கட்டைகள். மாலைதோறும் ரிம்மைக் கழுவித் துடைத்து, கட்டைகளிற் பதிந்த மணலைக் கிளறியெடுக்க 5 நிமிடமும் ஒரு கந்தல் துணியும் போதும். அவ்வாறு பேணினும் புதுச் சக்கரத்தைச் செம்மண் தின்னத்தான் செய்யும், தின்னட்டும்.

அன்பர்களே! பஞ்சாங்கமும் சம்பள நாளும் சக்கரத்தின் ஆயுளை அறியா. இவ்வாரமே உங்கள் ரிம்மில் ஓர் அடிக்கோலை வைத்துப் பாருங்கள். அது சொல்லும் நாளே நல்ல நாள்.