திரும்பும் நேரம்

பாய்மரப் படகு வைத்திருக்கிறார் என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், உடனே அவரைக் கோடீஸ்வரர் என்று நினைத்துக்கொள்வது வழக்கம். மும்பைத் துறைமுகத்தில் அப்படிப்பட்டவர்களும் உண்டு. ஆனால் நான் பழகிய படகுக்காரர்கள் வேறு ரகம். ஒரு வங்கி அதிகாரி, ஒரு பல் டாக்டர், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், சின்ன அச்சகம் நடத்தும் ஒருவர். இருபது, இருபத்திரண்டு அடி நீளத்தில் பழைய படகுகள். சிலவற்றுக்கு இரண்டு மூன்று பேர் பங்குதாரர்கள். மழைக்காலம் முழுக்கப் படகைக் கரையேற்றி வைத்துவிட்டு, அது முடிந்ததும் அடிப்பக்கத்தைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, மறுபடி தண்ணீரில் இறக்குவார்கள். அதன் பிறகு மே மாதம் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களை வீட்டில் பார்க்க முடியாது.

நான் அவர்களிடம் போய்ச் சேர்ந்தது சில சொற்களைத் தேடி. அப்போது கடல் நாவல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். ஆங்கில மாலுமி 'ஷீட்' என்று சொன்னால் அது துணி அல்ல. பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறு. தமிழில் அதற்குத் 'தாமான்' என்று பெயர். பாயை மேலே ஏற்றும் கயிறு 'ஆஞ்சான்'. எம்.ஏ. வகுப்பில் மரக்கலங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தவன்தான் நான். ஆனால் இந்த இரண்டு கயிறுகளையும் கையால் தொட்டதில்லை. மாட்டுங்காவில் பக்கத்து ஃபிளாட்டில் இருந்த வங்கி அதிகாரி என் அவஸ்தையைக் கேட்டுவிட்டு, "அகராதியை மூடி வையுங்க சார், ஞாயித்துக்கிழமை என்னோட வாங்க" என்றார். சின்னப் படகைக் காற்று ஒரு பக்கம் சாய்க்கும்போது மறுபக்கம் போய் உட்கார ஆள் வேண்டும். எனக்குக் கிடைத்த பதவி அதுதான்: உயிருள்ள பாரம்.

இப்படி இரண்டு சீசன் போன பிறகு, ஒரு ஜனவரி மாலையில் அந்தப் பேச்சு வந்தது. பந்தயம் வேண்டாம், பரிசு வேண்டாம், ஏழு படகும் சேர்ந்து காந்தேரித் தீவுவரை சும்மா போய்விட்டு வரலாம் என்றார் டீச்சர். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தச் 'சும்மா'வுக்குத் திட்டம் போட நான்கு மாலைகள் பிடித்தன.

காந்தேரி, கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 13 கடல் மைல், அதாவது 24 கிலோமீட்டர். 1679இல் சிவாஜியின் ஆட்கள் அங்கே கோட்டை கட்டத் தொடங்கியதும் பம்பாயில் இருந்த ஆங்கிலேயர்கள் கப்பல்களை அனுப்பிச் சண்டை போட்டார்கள். ஆனால் தீவைப் பிடிக்க முடியவில்லை. 1867இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் இருக்கிறது. மராத்தியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கரேயின் பெயரைத் தீவுக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே கோயில் கொண்டிருக்கும் வேதாளம், கோலி மீனவர்களுக்குத் தெய்வம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பன்னிரண்டு மராத்தியக் கோட்டைகளில் காந்தேரியும் ஒன்று, நம் செஞ்சியும் ஒன்று.

அன்றைக்கு அந்தத் தீவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வரலாறு அல்ல. காகா.

மராத்தியில் காகா என்றால் சித்தப்பா. ஏழு படகுக்காரர்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். வயது எழுபத்தாறு. ஏழு படகுகளிலும் பழையது, கனமானது, மெதுவானது அவருடையது, மோட்டாரும் கிடையாது. மனைவியுடன் காந்தேரிவரை போய்வந்ததைப் பற்றி எப்போதாவது பேசுவார். அந்த அம்மாள் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அந்த மழைக்காலத்துக்கு முன் படகை விற்றுவிடப் போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். இது அவருக்காகப் போகிற பயணம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

முதல் மாலை தேதிக்கே போயிற்று. எல்லோருக்கும் லீவு கிடைக்கிற ஞாயிறு போதாது, கடலும் ஒத்துவர வேண்டும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நான்கு மீட்டருக்கு மேல்கூட ஏறி இறங்கும். நடுப்பகலை ஒட்டி ஏற்றம் உச்சத்தில் இருக்கும். கோலிகள் இதை 'உதாண்' என்கிறார்கள். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் குறைவு, நீரோட்டத்தின் வேகமும் குறைவு. அதற்கு 'பாங்' என்று பெயர். அப்போது காலை ஆறு, ஏழு மணிக்கே ஏற்றம் முடிந்து நடுப்பகல்வரை கடல் வற்றும். வற்றும் நீர் துறைமுகத்தைவிட்டு வெளியே தெற்கு நோக்கி ஓடும். பிற்பகலில் ஏறும் நீர் உள்ளே வரும். போகும்போதும் கடல் தள்ளிவிடும், வரும்போதும் தள்ளிவிடும். எனவே பிப்ரவரியில், அஷ்டமியை ஒட்டி வந்த ஞாயிறு முடிவாயிற்று. ஊரில் என் பாட்டி அஷ்டமியில் எதையும் தொடங்கவிட மாட்டாள். அவளுக்கு நான் எழுதிப்போடவில்லை.

இரண்டாவது மாலை வேகத்தைப் பற்றி. ஏழில் ஒன்று ஜே-24 வகைப் படகு, வேகமானது. அதன் சொந்தக்காரர் முப்பது வயது இளைஞர். "நாங்கள் முன்னால் போய்ச் சாப்பாட்டைப் பிரித்து வைக்கிறோம், நீங்கள் மெதுவாக வாருங்கள்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை. முன்னால் போகிறவனுக்குப் பின்னால் வருகிறவனின் கஷ்டம் தெரியாது என்பது அவர் வாதம். படகுகளை ஜோடி ஜோடியாகப் பிரித்தார்கள். ஒன்றை ஒன்று கண் பார்வையில் வைத்திருக்க வேண்டும். ஜே-24 தனியாக முன்னும் பின்னும் போய் எல்லோரையும் பார்த்துக்கொள்ளலாம். வங்கி அதிகாரியின் படகுக்கு, அதாவது எங்களுக்கு, ஜோடி காகாவின் படகு.

சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பாவ், முட்டை, தேப்லா, நான் கொண்டுவரும் புளியோதரை.

மூன்றாவது மாலை பாதுகாப்பு. எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட், அதைப் பையில் அல்லாமல் உடம்பில் போட்டிருக்க வேண்டும். வயர்லெஸ் உள்ள படகுகள் 16ஆம் சேனலைத் திறந்து வைத்திருக்க வேண்டும். கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். கிளம்புகிறவர்களின் பெயர்ப் பட்டியலோடு கரையில் ஒருவர் இருக்க வேண்டும். பெரிய கப்பல்கள் வரும் கால்வாயைக் கடப்பது பற்றி நீண்ட நேரம் பேசினார்கள். மும்பைத் துறைமுகத்துக்கும், எதிர்க்கரையில் 1989இல் தொடங்கிய நவா ஷேவா துறைமுகத்துக்கும் கப்பல்கள் அவ்வழியாகத்தான் வருகின்றன. பாய்மரத்துக்கு எந்திரக் கலம் வழிவிட வேண்டும் என்பது பொது விதி. ஆனால் குறுகிய கால்வாயை விட்டு விலக முடியாத கப்பலின் வழியைப் பாய்மரப் படகு மறிக்கக் கூடாது என்கிறது சர்வதேச விதி. விதி இல்லாவிட்டாலும், கன்டெய்னர் கப்பலை இருபது அடிப் படகு மறித்தால் என்ன ஆகும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

நான்காவது மாலை முழுக்க ஒரே ஒரு கேள்வி: எப்போது திரும்புவது?

எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, திரும்ப வேண்டியதுதானே? காகாதான் எனக்குப் புரியவைத்தார். இந்தக் கடலில் காலையில் கரையிலிருந்து வீசும் லேசான காற்று, ஒன்பது பத்து மணிக்குச் செத்துவிடும். நடுப்பகலுக்கு மேல் வடமேற்கிலிருந்து கடல்காற்று கிளம்பி மாலைவரை வலுக்கும். வடக்கே வீடு திரும்புகிறவனுக்கு அது கிட்டத்தட்ட எதிர்க்காற்று. நேராக வர முடியாது, இப்படியும் அப்படியுமாக வளைந்து வளைந்துதான் வர வேண்டும். போகும்போது நான்கு மணி நேரம் என்றால் வரும்போது ஐந்தரை மணி நேரம். பிப்ரவரியில் ஆறரை மணியைத் தாண்டியதும் சூரியன் மறைந்துவிடும். இருட்டில் கப்பல் கால்வாயைக் கடக்கக் கூடாது. இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஒரு விடைதான்: பகல் 12.30. அந்த நேரத்தில் எந்தப் படகு எங்கே இருந்தாலும், தீவு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தாலும், திரும்ப வேண்டும்.

"இதை இன்றைக்கே முடிவு செய்துவிட வேண்டும். அங்கே போன பிறகு நமக்கு ஆசை வந்துவிடும்" என்றார் காகா.

திட்டத்தை ஒரு பக்கத்தில் ஆங்கிலத்திலும் மராத்தியிலும் எழுதித் தரும் வேலை என்னுடையது. படகுகளைப் பார்த்துக்கொள்ளும் கோலி முதியவரை எல்லோரும் 'தண்டேல்' என்று கூப்பிடுவார்கள், படகுத் தலைவன் என்று பொருள். ஈழத்துக் கடலோரத்தில் 'தண்டையல்' என்று வழங்குவது இதே சொல்தான். அவர் என் மராத்திப் பிரதியை வாங்கிப் படித்துவிட்டு, கடைசியில் இருந்த 12.30ஐத் தாளின் உச்சிக்குக் கொண்டுபோகச் சொன்னார். மற்றது எதுவும் அவருக்கு முக்கியமாகப் படவில்லை.

அந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஏழு படகுகளும் கிளம்பின. முதல் இரண்டு மணி நேரம் பிரமாதம். ஒன்பதரைக்குக் காற்று நின்றது. பாய்கள் துவைத்துக் காயப்போட்ட வேட்டிபோலத் தொங்கின. வற்றும் நீர் மட்டும் எங்களைத் தெற்கே நகர்த்திக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு ஜே-24 தீவுக்கு அரை மைல் தொலைவில் இருந்தது. எங்களுக்கும் காகாவுக்கும் இன்னும் இரண்டு மைல். கோட்டைச் சுவரும் வெள்ளைக் கலங்கரை விளக்கமும் நன்றாகத் தெரிந்தன.

இரண்டு படகுகளில் சின்ன மோட்டார் இருந்தது. அதில் ஒன்று வந்து, இழுத்துப் போகிறோம், கயிறு போடுங்கள் என்று காகாவிடம் கேட்டது. "பெட்ரோல் திரும்பி வருவதற்கு" என்று மறுத்துவிட்டார். பன்னிரண்டேகாலுக்கு வடமேற்கிலிருந்து முதல் காற்று வந்து முகத்தில் பட்டது. பாய் நிமிர்ந்தது. இந்தக் காற்றில் அரை மணி நேரம் போதும்.

மணி 12.30 ஆயிற்று. யாரும் திரும்பவில்லை. 12.35. ஏழு படகுகளிலும் கடிகாரம் இருந்தது, தாள் இருந்தது, தாளின் உச்சியில் நேரம் இருந்தது. ஆனால் யாருக்காகக் கிளம்பினோமோ அவருக்கு முன்னால் திரும்ப யாருக்கும் மனம் வரவில்லை. எல்லோரும் ஓரக்கண்ணால் அந்தப் பழைய படகையே பார்த்துக்கொண்டிருந்தோம். வங்கி அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தாமானைக் கையில் பிடித்துக்கொண்டு தீவைப் பார்த்தேன்.

காகா சுக்கானைத் தள்ளினார். படகு மெதுவாக வளைந்து வடக்கே திரும்பியது. எங்களைக் கடக்கும்போது அவர் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பாயின் விளிம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றன்பின் ஒன்றாக மற்ற ஆறும் திரும்பின. அரை மைலில் தீவை விட்டுவிட்டு வந்த இளைஞர் கடுப்பில் இருந்தார் என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது.

மூன்று மணிக்குக் காற்று வலுத்தது, அலையும் எழுந்தது. பாயைச் சுருக்கிக்கொண்டு வளைந்து வளைந்து வந்தோம். நான்கரை மணிவாக்கில் பல் டாக்டரின் படகில் ஆஞ்சான் அறுந்து பெரிய பாய் பொத்தென்று விழுந்தது. அவருடைய பதினொரு வயது மகள் அந்தப் படகில் இருந்தாள். காற்றடிக்கும் கடலில் கயிற்றைச் சரிசெய்ய முடியவில்லை. மோட்டார் படகு போய், காகா தொடவிடாத பெட்ரோலைச் செலவழித்து, அவர்களை இழுத்து வந்தது. கால்வாயைக் கடந்து, கடைசிப் படகு மிதவையில் கட்டப்பட்டபோது மணி 6.20. வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. தீவுவரை போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருந்தால் எந்த இடத்தில், எந்த இருட்டில் அந்தக் கயிறு அறுந்திருக்கும் என்று யாரும் பேசவில்லை. நடக்காத விபத்துக்குச் சாட்சி கிடையாது.

புளியோதரையைப் படகுத்துறைப் படிக்கட்டில் வைத்துச் சாப்பிட்டோம். ஜே-24 இளைஞர் காகாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஐந்து நிமிடம் தாமதித்தீர்களே, ஏன் காகா?" என்று கேட்டார். "நீங்கள் யாராவது திரும்புவீர்கள் என்று பார்த்தேன். நான் ஒருவன்தான் திரும்ப முடியும் என்று அப்புறம் புரிந்தது" என்றார் அவர்.

அந்த மே மாதம் படகு கைமாறியது. காகா காந்தேரிக்குப் போகவே இல்லை.

2024 டிசம்பர் 18 அன்று, எலிஃபென்டா தீவுக்குப் போன பயணிகள் படகின் மீது கடற்படையின் விரைவுப் படகு மோதிப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது நடந்தது இதே தண்ணீரில், பட்டப்பகலில். அந்தச் செய்தியை மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது எனக்கு அந்தத் தாள் ஞாபகம் வந்தது. எல்லா விபத்தையும் ஒரு தாள் தடுத்துவிடாது. கடலில் எதிரே வருகிறவன் நம் திட்டத்தைப் படித்திருக்க மாட்டான். நம் கையில் இருப்பது நம் ஆசைக்கு முன்கூட்டியே போட்டுவைக்கும் எல்லை மட்டும்தான்.

அதன் பிறகு எத்தனையோ கூட்டுப் பயணங்களில் போயிருக்கிறேன்: மலையேற்றம், குடும்பத்தோடு கோயில் சுற்றுலா, அலுவலகப் பிக்னிக். எங்கே சாப்பாடு, யார் வண்டி, எத்தனை பேர் என்பதெல்லாம் விலாவாரியாகப் பேசப்படும். திரும்பும் நேரத்தை யாரும் பேசுவதில்லை. பேசினால் அபசகுனம் மாதிரி பார்க்கிறார்கள். பேசினாலும், அந்த நேரம் வரும்போது முதலில் எழுந்திருப்பவர் யார் என்பது முடிவாகியிருப்பதில்லை. பெரும்பாலும் அது, இன்னும் கொஞ்சம் இருக்க எல்லோரையும்விட அதிகம் ஆசைப்படுகிறவராகத்தான் இருக்க வேண்டியிருக்கிறது.