லயத்து வேலியில் இரு கொடிகள்

நானுஓயாவில் புகைவண்டியை விட்டிறங்கி, நுவரெலியா நகரைக் கடந்து, வெலிமடை வீதியிற் சென்றோம். ஹக்கலைப் பூங்காவைக் காண்பதே நம் நோக்கம். 1861இல் சிங்கோனாப் பயிருக்கென அமைந்த அப்பூங்காவின் ரோஜாக்களைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஆகையால் நாம் அவற்றை விட்டுவிடுகிறோம். நம் கருத்தைக் கவர்ந்தது, அதற்கப்பால் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தின் வேலியிற் படர்ந்திருந்த கொடித்தோடையே.

'பாஷன் புரூட்' என்று கடைகளில் விற்கும் இப்பழத்திற்குக் கொடியிற் காய்க்கும் தோடை என்று பெயரிட்ட நம்மவரைப் பாராட்டத்தான் வேண்டும். இதன் பிறந்தகம் தென்னமெரிக்கா. பூவில் இயேசுபிரானின் பாடுகளைக் கண்ட ஸ்பானியப் பாதிரிமாரால் வந்தது மேனாட்டுப் பெயர்.

அவ்வேலியில் ஊதா இனம் ஒன்றும் மஞ்சள் இனம் ஒன்றும் நின்றன. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த வீட்டுக்கார அம்மாள் சொன்னார்: "ஐயா, ஊதாக் கொடிதான் பிள்ளைகளின் கொப்பி, பென்சிலுக்குக் கைகொடுத்தது. மஞ்சள் இரட்டிப்பாகக் காய்க்குமென்று மகன் கீழ்நாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டான். மூன்று வருஷமாச்சு, இலைதான் மிச்சம். தீபாவளிக்கு வந்து அவன் கையாலேயே வெட்டச் சொல்லியிருக்கிறேன்."

மகன் கேள்விப்பட்டது பொய்யன்று. மஞ்சட்பழம் உருவிற் பெரிது, சாறும் மிகுதி, விளைச்சலும் கூடுதல். ஆயினும் அது வெப்பநிலத்துப் பிள்ளை. ஆறாயிரம் அடியை அண்டிய குளிர் அதற்கு ஆகாது. மேலும், தன் மகரந்தத்தால் தானே காய்க்க அதனால் இயலாது. வேறொரு கொடியின் மகரந்தத்தை வண்டு கொண்டுவர வேண்டும். பூவோ நண்பகலில் விரிவது. மலையில் மூடுபனி இறங்கும் வேளையில் எந்த வண்டு தூது செல்லும்? ஊதா விடியலில் மலரும், தன்னந்தனியே காய்க்கும். பழம் சிறிதெனினும் புளிப்புக் குறைவு, மணம் அதிகம். தோல் சுருங்கியதைக் கெட்டதென்று ஒதுக்குவோர் ஏமாளிகள். அதுவே அதிக இனிப்பு. அம்மாள் பிளந்து தந்த இரண்டை உண்டபின் இதை எழுதுகிறோம்.

இந்தியாவில் குடகுநாட்டுச் செட்டள்ளி ஆராய்ச்சி நிலையத்தார் இரண்டையும் கலந்து 'காவேரி' என்னும் இனத்தை உருவாக்கியுள்ளனர்.

ஊதாவுக்கும் ஒரு குறையுண்டு. மண்ணிலுள்ள பூஞ்சணம் வேரைப் பற்றினால் கொடி வாடி மடியும். அம்மாளின் முந்தைய கொடி அவ்வாறுதான் போயிற்றாம். மஞ்சளின் வேரோ அந்நோயைத் தாங்க வல்லது. எனவே கெனியாவின் மலைநாட்டில் மஞ்சட் கன்றின் மேல் ஊதாத் தண்டை ஒட்டி வளர்க்கின்றனர்.

இதனைக் கூறியதும் அம்மாள் மகனின் கொடியைச் சற்று நேரம் பார்த்து நின்றார்.

"அப்போ இது வேருக்காவது உதவுமா, ஐயா?"

முற்றிய கொடியில் ஒட்டுவதினும் அதன் துண்டுகளிலிருந்து இளங்கன்று எழுப்பி ஒட்டுவது நன்று என்றோம். அவர் உள்ளே சென்று, தொலைபேசியை எடுத்துவரும்படி மகளை அழைத்தார்.