பேத்தி பொருளாளர் ஆகிறாள்

பாரீஸில் படிக்கும் என் பேத்தி ஒரு மாணவர் சங்கத்துக்குப் பொருளாளராகப் போகிறாளாம். சேதி வந்த நாள் முதல் பட்டாபிராமில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. ஒன்றுக்கு என் மகன் தலைவன். "பேங்க்ல லோன் போட்டு படிக்க அனுப்பினேன், சங்கம் நடத்தவா அனுப்பினேன்?" என்கிறான். இன்னொரு கட்சியில் நான் ஒருவன்தான் உறுப்பினர். மருமகள் நடுநிலை.

அவள் படிப்பது சியான்ஸ் போ என்ற கல்விக்கூடத்தில், பொதுக் கொள்கை முதுகலை. பிரஷ்யாவிடம் பிரான்ஸ் தோற்ற கையோடு, நாட்டை நடத்தத் தெரிந்தவர்களை உருவாக்க வேண்டும் என்று எமில் பூத்மி என்பவர் 1872இல் தொடங்கியது. நம் பெண் சேர்ந்திருக்கும் சங்கத்தில் தெற்காசியப் பிள்ளைகள் எட்டுப் பேர். மாதம் ஒரு நகரத்தின் பட்ஜெட்டை எடுத்து வைத்துப் பிரித்துப் படிக்கிறார்களாம். முதல் கூட்டத்துக்கு அவள் கொடுத்தது 2019இல் மாநகராட்சியான நம் ஆவடியின் பட்ஜெட்!

மகனின் பயம் ஆதாரமில்லாதது அல்ல. 2024 ஏப்ரல், மே மாதங்களில் காசா விவகாரத்தில் அதே கல்விக்கூடத்துப் பிள்ளைகள் கட்டிடத்துக்குள் உட்கார்ந்ததையும் போலீஸ் வந்து வெளியேற்றியதையும் அவன் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறான். "வெளிநாட்டுப் பொண்ணு, விசாவுல இருக்கா. சங்கத்துல கையெழுத்து போட்டு நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்று கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொல்ல இந்த வீட்டில் தகுதியுள்ள ஆளும் நான்தான். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிழைப்பு முழுக்கத் தமிழ்நாடு பதிவுத்துறையில், அதிலும் பல வருடம் சங்கப் பதிவு இருக்கையில்.

பிரெஞ்சுப் புரட்சி என்றால் நமக்குச் சுதந்திரம் நினைவுக்கு வரும். ஆனால் 1791இல் அந்தப் புரட்சி அரசாங்கம்தான் தொழிலாளர் சேர்ந்து சங்கம் வைப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. பிறகு வந்த நெப்போலியன் காலத்துத் தண்டனைச் சட்டப்படி இருபது பேருக்கு மேல் சங்கமாகக் கூட அரசு அனுமதி வேண்டும். 1901 ஜூலை 1ஆம் தேதிச் சட்டம்தான் வழியைத் திறந்தது. இரண்டே பேர் போதும். பிரிஃபெக்டர் அலுவலகத்தில் தெரிவித்தால் அரசிதழில் வந்துவிடும். இன்றும் அங்கே "1901 சங்கம்" என்றுதான் பேச்சு.

வெளிநாட்டவர் கதை வேறு. போர் மூளும் தறுவாயில், 1939 ஏப்ரலில் ஓர் ஆணை வந்தது. வெளிநாட்டவர் சங்கம் என்றால் உள்துறை அமைச்சரின் முன் அனுமதி கட்டாயம். நாற்பத்திரண்டு வருடம் அது உயிரோடு இருந்தது. மித்தரான் வந்த பிறகு, 1981 அக்டோபரில் எடுத்தார்கள். அன்று முதல் இந்த விஷயத்தில் பிரெஞ்சுக்காரனுக்கு உள்ள உரிமை நம் பெண்ணுக்கும் உண்டு. சட்டத்தைத் தமிழில் எழுதி மகன் கையில் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தான். ஒன்றும் சொல்லவில்லை.

நம் ஊரில் ஏழு பேர் வேண்டும். 1975ஆம் வருடச் சட்டப்படி சங்கம் பதிய வருகிறவர்கள் ஏழாவது ஆளுக்கு அல்லாடுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! மனைவி, மச்சான், கார் டிரைவர் என்று பட்டியல் நிரம்பும். பிரான்ஸிலும் ஸ்ட்ராஸ்பூர் இருக்கும் அல்சாஸ் பகுதியில் பழைய ஜெர்மன் காலத்துச் சட்டம் நீடிப்பதால் ஏழு பேர் வேண்டும். அங்கே டிரைவரைச் சேர்ப்பார்களா, தெரியவில்லை.

அதே ஸ்ட்ராஸ்பூரில்தான் உயர் அதிகாரிகளை உருவாக்கிய எனா பள்ளி கடைசி வருடங்களில் இருந்தது. 1945இல் தொடங்கி, 2022இல் வேறு நிறுவனமாக மாற்றப்பட்டது. அங்கே ஒவ்வொரு வகுப்பும் தனக்குத் தானே வாக்களித்துப் பெயர் வைத்துக்கொள்ளும். ஒலாந்து படித்த 1980ஆம் வருட வகுப்பு வோல்தேர். மக்ரோனின் வகுப்பு, 2004, செங்கோர் என்ற ஆப்பிரிக்கக் கவிஞரின் பெயர். பெயர் வைக்கும் தகராறில் தொடங்கும் பழக்கம் பின்னால் பாராளுமன்றம் வரை உதவும் போலிருக்கிறது.

பேத்தியின் கல்விக்கூடத்தில் சங்கம் அங்கீகாரம் பெற மற்ற மாணவர்களிடம் வாக்குக் கேட்க வேண்டும். ஆதரவு இல்லையென்றால் அந்த வருடம் அங்கீகாரமும் இல்லை. எனக்குப் பிடித்தது இதுதான். நம்மிடம் 2006இல் லிங்டோ குழு தேர்தல் விதிகள் கொடுத்தது. வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, அச்சிட்ட சுவரொட்டி கூடாது, 75 சதவீத வருகை வேண்டும். நல்ல விதிகள். உச்ச நீதிமன்றமும் ஏற்றது. தேர்தல் நடத்தும் கல்லூரிதான் குறைவு. 1967இல் விருதுநகரில் காமராசரையே தோற்கடித்த பெ. சீனிவாசன் மாணவர் தலைவராக இருந்தவர். அதைப் பார்த்த பயம் எல்லாக் கட்சிக்கும் இன்னும் தெளியவில்லை என்பது என் கட்சி. இங்கே இந்துக் கல்லூரி நிறுத்தத்தில் ரயிலை விட்டு இறங்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம், இவர்களில் எத்தனை பேருக்கு இருபது வயதில் பத்துப் பேரின் பணத்துக்குக் கணக்குச் சொல்லும் வாய்ப்புக் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

போன ஞாயிறு பேத்தி பேசினாள். "தாத்தா, அக்கவுன்ட்ஸ் எப்படி எழுதறது?" என்று கேட்டாள். பணம் வாங்கிய அன்றே ரசீது, கொடுத்த அன்றே வவுச்சர், மாதக் கடைசியில் பாங்க் பாஸ்புக்கோடு சரிபார்ப்பு என்று சொன்னேன். காசோலையில் இரண்டு பேர் கையெழுத்து இருக்கட்டும், தனியாக மட்டும் போடாதே என்றேன். அங்கே காசோலையே இப்போது யாரும் தருவதில்லையாம், எல்லாம் செயலிதானாம். "அப்படின்னா செயலியிலயும் ரெண்டு பேர் ஒப்புதல் இருக்கிற மாதிரி பண்ணு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். என் மகன்.