துரப்பணம்

தச்சுத் தொழிலில் உளிக்கும் இழைப்புளிக்கும் கிடைத்த கௌரவம் துரப்பணத்துக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. உளி செதுக்கிய பூவேலையைக் கண்டு வியக்கிறவர்கள், மூங்கில் ஆணி இறங்கி மூடிக்கொண்ட துளையைப் போட்டவர் யார் என்று விசாரிப்பதில்லை. அடைபட்டு மறைந்துபோவதுதானே துளையின் ஸ்வபாவம்?

கடைசல் பிடித்த தண்டு, அதன் அடியில் தட்டையான இரும்பு அலகு, தலையை இடக்கையால் அழுத்திக்கொள்ள ஒரு கொட்டாங்கச்சி, தண்டில் ஒரு சுற்றுச் சுற்றிய கயிற்றோடு கூடிய வில் – நம் ஆசாரிகளின் துரப்பணத்துக்கு இவ்வளவே அங்கங்கள். வில்லைத் தள்ளினால் ஒருபுறமும் இழுத்தால் மறுபுறமுமாக, தயிர் கடையும் மத்தைப் போல அது சுழலும். எகிப்தில், தீப்ஸ் நகரத்து ரெக்மிரேயின் கல்லறைச் சுவரில், கி.மு. 15-ஆம் நூற்றாண்டில் தீட்டிய சித்திரத்திலும் தச்சன் கையில் இருப்பது இதே வில்தான்.

இத்தனை நீண்ட ஆயுள் பெற்ற கருவிக்கும் ஒரு குறை உண்டு. போகையிலும் வருகையிலும் சுழல்வதால், அதன் அலகு இரு பக்கமும் சுரண்டத்தான் முடியுமே தவிர, திருகுபோல் மரத்துக்குள் இறங்க முடியாது. முன்சுற்றில் இறங்கியதைப் பின்சுற்று வெளியே தள்ளிவிடும். ஒரே திசையில் இடையறாது சுழற்றும் வளைபிடிக் கருவியாகிய பிரேஸ், ஐரோப்பியச் சித்திரங்களில் 15-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் தலைகாட்டுகிறது. ராபர்ட் கம்பினின் பட்டறையில் உருவான மெரோட் பலிபீடச் சித்திரத்தில், மரியாளின் கணவரான யோசேப்பு அதைக் கொண்டு சாவதானமாகப் பலகையைத் துளைத்துக்கொண்டிருக்கிறார். தேவதூதன் வந்து நிற்கும் நடுப்பலகையைவிட இந்த ஓரப்பலகையே என் கண்ணை அதிகம் இழுக்கிறது என்றால், பக்தர்கள் க்ஷமிக்க வேண்டும்.

பிற்பாடு, பிரேஸுக்கு ஏற்ற திருகு அலகுகள் பலவிதமாகப் பெருகின. நியூயார்க் மாநிலத்து ரான்ஸம் குக் என்பவர், மரம் துளைக்கும் வண்டுப் புழுவின் தாடையைக் கூர்ந்து பரீட்சித்து, அதைப் பின்பற்றி வளைந்த வெட்டுவாய் கொண்ட அலகொன்றைச் செய்து 1851-இல் காப்புரிமை பெற்றார். தச்சனுக்குப் பரம சத்துருவான ஜந்துவையே குருவாக வரித்த அந்த மனிதரின் விவேகத்தை என்னவென்பது! நான்கு ஆண்டுகளுக்குப் பின் ரஸல் ஜென்னிங்ஸ் இரட்டைச் சுருள் அலகுக்கு உரிமை பெற்றார். அதன் நுனித் திருகு தானாகவே மரத்தைப் பற்றி இறங்க, சீவல்கள் சுருள்வழியே மேலேறி உதிரும்.

மின்சாரக் கருவியின் வேகத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பிரேஸைச் சுழற்றுகிற கைக்கு, கணு எதிர்ப்படுவதும் மரம் இளகுவதும் உடனுக்குடன் தெரியும். அனுபவஸ்தர்கள் ஒரே மூச்சில் பலகையை ஊடுருவுவதில்லை. அப்படிச் செய்தால் மறுபக்கம் சிம்பு சிம்பாகப் பிளந்துவிடும். அடிப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே வந்து, நுனித் திருகு முள்போல் தட்டுப்பட்டவுடன் நிறுத்தி, பலகையைத் திருப்பிப் போட்டு, அந்தச் சிறு பொத்தலிலேயே அலகை நாட்டி மிச்சத்தைத் துளைப்பார்கள்.