மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி

அம்பாந்தோட்டைப் பக்கம் போனால் மத்தள சர்வதேச விமான நிலையத்தையும் ஒருதரம் பார்த்து வாருங்கள். 2013 மார்ச் 18இல் திறந்தார்கள். 3,500 மீற்றர் ஓடுபாதை, ஆண்டுக்குப் பத்து இலட்சம் பயணிகளுக்கு இடம். செலவு சுமார் 20 கோடி டொலர். பெரும்பகுதி சீனக் கடன்.

பயணிகளைத்தான் காணோம்! மயிலும் யானையும் தாராளமாக வந்தன. சரக்குக் கூடத்தில் நெல்லைச் சேமித்து வைத்த காலமும் உண்டு.

திஸ்ஸமஹாராமையிலிருந்து வளைகுடாவுக்கு உழைக்கப் போன பிள்ளை இனி வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்திறங்கும் என்று தாய்மார் எவ்வளவு ஆசைப்பட்டிருப்பார்கள்! 2015 ஜனவரியில், நட்டம் என்று சொல்லி, ஸ்ரீலங்கன் விமான சேவையே மத்தளவைக் கைவிட்டது. 2018இல் ஃப்ளைடுபாயும் நின்றது. பிள்ளை பழையபடி கட்டுநாயக்காவில் இறங்கி, பெட்டிகளோடு வேன் பிடித்து, 200 கிலோமீற்றருக்கு மேல் வரவேண்டியதாயிற்று. வேன் கூலியும் அவன் தலையில், விமான நிலையக் கடனும் அவன் தலையில். மத்தளம் என்று ஊருக்குப் பொருத்தமாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

2020 பெப்ரவரியில் அதிவேக நெடுஞ்சாலை மத்தள வரை வந்து சேர்ந்தது. கட்டுநாயக்காவுக்குச் சீக்கிரம் போய்விடலாம்.