ஒரு தேக்கரண்டிச் சம்பல்

2023 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றிலுள்ள எங்கள் வீட்டில், என் மனைவி ஒரு சிறு தட்டை என் முன் வைத்தாள். அதில் ஓர் இடியப்பம் இருந்தது. அதன் அருகில் ஒரு தேக்கரண்டி அளவு இடித்த சம்பல். செத்தல் மிளகாயைப் பொரித்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் உப்பும் சேர்த்து உரலில் இடித்து, தேசிக்காய்ப் புளி விட்ட சம்பல். ஆறு மாதங்களாக என் நாக்குக்கு மறுக்கப்பட்டிருந்த பொருள். விரல் நுனியால் சிறிது எடுத்து இடியப்பத்தோடு சேர்த்து வாயிலிட்டேன். உறைப்பு முதலில் நாக்கிலும், பின்னர் தொண்டையிலும், அதன்பின் காதோரத்திலும் ஏறிற்று. கண்கள் கலங்கின.

"என்னப்பா, உறைச்சுப் போச்சுதோ? கொஞ்சம் பால் தரட்டோ?" என்று அவள் பதறினாள்.

"வேண்டாம். கொஞ்ச நேரம் இப்பிடியே இருக்கட்டும்" என்றேன்.

ஒருவன் சம்பல் தின்ற கதை இத்தகைய சஞ்சிகையொன்றில் இடம்பெறத் தகுமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சம்பளமும் விலைவாசியும் பாடசாலைகளின் அவலமும் பேசப்பட வேண்டிய பக்கத்தில் இவன் தன் வயிற்றைப் பற்றிப் பேசுகிறானே என்று சினப்போரும் உளர். ஆனால் மனிதனுடைய வயிறு அவனுக்கு மட்டும் சொந்தமானதன்று. அது எதனால் நிரம்புகிறது, எதனால் காலியாகிறது என்பதைச் சமுதாயமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இந்த உண்மையை நான் நூல்களில் படித்திருந்தேன். மாணவருக்குப் போதித்தும் இருந்தேன். எனினும் என் வயிற்றில் கத்தி பட்ட பின்னரே அது எனக்கு உண்மையாகப் புரிந்தது.

நான் கொட்டாஞ்சேனையிலுள்ள ஒரு பாடசாலையில் ஆசிரியன். ஐம்பதாவது வயதில் என் நிறை 124 கிலோ. சலரோகமும் இரத்த அழுத்தமும் முழங்கால் நோவும் அதனோடு வந்து சேர்ந்தன. மாடிப்படி ஏறி வகுப்புக்குள் நுழைந்ததும் கதிரையைத் தேடுவேன். மாணவர் கரும்பலகையில் ஒருநாள் என்னைப் படமாக வரைந்து வைத்திருந்தனர்: பானை வயிறு, சிறிய தலை, கையில் பிரம்பு. அதைப் பார்த்து நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு என் மனத்தில் வேறொன்று உறுத்திற்று. எங்கள் இடதுசாரிப் பத்திரிகைகளில் முதலாளியை எப்போதும் தொந்தியுள்ளவனாகவே வரைவார்கள். அப்படங்களை எத்தனை தடவை இரசித்திருக்கிறேன்! பருமன் என்பது சுரண்டலின் அடையாளம் என்றும், மெலிவு என்பது உழைப்பின் அடையாளம் என்றும் நாமே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தோம். அந்தக் கணக்கு இன்று செல்லாது. இன்றைய நகரத்தில் மலிவாகக் கிடைக்கும் உணவே மனிதனைக் கொழுக்க வைக்கும் உணவு. வெள்ளைச் சோறு, பாண், பணிஸ், சீனி போட்ட தேநீர், எண்ணெயில் பொரித்த ரோல்ஸ். மீனும் முட்டையும் மரக்கறியும் பழமும் விலை ஏற ஏறத் தட்டிலிருந்து விலகுகின்றன. அவை விட்ட இடத்தைச் சோறு பிடித்துக்கொள்கிறது. 1933இல் நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த வெள்ளவத்தை இன்று அடுக்குமாடிகளின் ஊர். மின்தூக்கியில் இறங்கி, பஸ்ஸில் நெரிந்து, நாற்காலியில் அமர்ந்து உழைக்கும் எம்போன்றோர் பருமனாவதற்குச் செல்வந்தராக இருக்க வேண்டியதில்லை.

வைத்தியர் எனக்கு இரைப்பைச் சத்திரசிகிச்சையைச் சிபாரிசு செய்தார். உடற்பருமனுக்காகக் குடலையும் இரைப்பையையும் மாற்றியமைக்கும் முறைகள் புதியனவல்ல. 1966இல் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இரைப்பையின் பெரும்பகுதியை ஒதுக்கி உணவுக்கு மாற்றுவழி அமைத்தார். எனக்குச் செய்யப்பட்டது அதனினும் பின்னர் வந்த முறை. வயிற்றில் சில சிறு துளைகளிட்டு, இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து, எஞ்சியதை ஒரு குழாய்போல விட்டுவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு சிறிய பிளேன்ரீக் கோப்பை அளவுதான்.

அரசாங்க மருத்துவமனையொன்றில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். 2022 வந்தது. மருந்துத் தட்டுப்பாட்டினால் அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் பல மருத்துவமனைகளில் ஒத்திவைக்கப்பட்டன, என்னுடையதும் ஒத்திவைக்கப்பட்டது. அந்த ஆண்டின் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஓராண்டுக்கு முன் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ இரு நூறு ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. என் வகுப்பில் காலை உணவின்றி வந்த பிள்ளைகள் முதற் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்த்தனர். அவர்கள் முன் நின்று பாடம் நடத்தியவன் அளவுக்கு மீறி உண்ட உடலைக் குறைப்பதற்காக வரிசையில் காத்திருப்பவன். அந்த நாட்களில் நான் பட்ட வெட்கத்தை இன்றும் மறக்கவில்லை.

2023 மே மாதத்தில் என் முறை வந்தது. வாட்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் குடலிறக்கத்துக்காக வந்திருந்தவர் ஒரு நாட்டாமி, கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவர். முப்பது ஆண்டுகளாக மூட்டை சுமந்த உடல். அவருக்கு நெடுநாளாக நெஞ்செரிவும் இருந்தது. "மிளகாயைக் குறையுங்கோ" என்று தாதி அறிவுரை கூறியபோது, அவர் மரியாதையாகவே கேட்டார்: "கொச்சிக்காய விட்டா சோறு எப்படி மிஸ் எறங்கும்?"

தாதி சிரித்துவிட்டுப் போனாள். நானும் சிரித்தேன். பின்னர் வீட்டில் படுத்திருந்த வாரங்களில் அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவேயில்லை.

முதல் இரண்டு வாரம் நீராகாரம். வடிகட்டிய மரக்கறிச் சாறு, மோர், கொழுப்பு நீக்கிய பால். அப்புறம் மசித்த உணவு. அதன் பின் மென்மையான உணவு. சொதிகூட மிளகாய் போடாமல் வந்தது. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். உண்ணும்போது தண்ணீர் குடிக்கலாகாது. உண்டு அரை மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும். விற்றமின் பி12 உட்படச் சில சத்துகளை ஆயுள் முழுதும் மருந்தாக எடுக்க வேண்டும். இவற்றைப் பொறுத்துக்கொள்வது கடினமாக இருக்கவில்லை. வெட்டியெடுக்கப்பட்ட பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு பெரும்பாலும் உண்டாகிறது. ஆகவே பசியே எடுக்கவில்லை.

ஆனால் பசி போன இடத்தில் ஆசை மட்டும் தங்கி நின்றது. அடுத்த வீட்டு மாமி ஒருநாள் கறித்தூளுக்கு மிளகாய் வறுத்தார். ஒழுங்கை முழுவதும் தும்மிற்று. நான் யன்னலைத் திறந்துவிட்டு அந்த நெடியிலே நின்றேன். பசியும் ருசியும் ஒன்றென்றே அதுவரை எண்ணியிருந்தேன். பசி சிறிதுமற்ற நிலையில், சம்பலுக்காக ஏங்கியபோதுதான் அவை இரண்டும் வேறு என்று கண்டேன்.

மிளகாய் நம் மண்ணின் பழம்பொருளன்று. அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. 1505இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயரின் கடல்வழி வாணிபத்தோடுதான் அது நம் பக்கம் வந்து சேர்ந்தது. அதற்கு முன் நம் முன்னோருக்கு உறைப்பைத் தந்தது மிளகு. மிளகைப் போன்று உறைக்கும் காய் என்பதாலேயே 'மிளகாய்' என்ற பெயரும் பிறந்தது. மிளகு கப்பலேறிய வணிகப் பொருள். அதற்காக ஐரோப்பியர் போரிட்டனர். மிளகாயோ ஏழையின் வேலியோரத்தில் முளைத்தது. ஆகையால் அது குடிசைக்குள் எளிதாக நுழைந்தது. நுழைந்து செய்த வேலை என்ன? சிறிதளவு கறியைக் கொண்டு பெருமளவு சோற்றை உண்ணச் செய்தது. ஒரு துண்டு கருவாடும் ஒரு கரண்டிச் சம்பலும் இருந்தால் ஒரு கோப்பை சோறு இறங்கிவிடும். நாட்டாமியின் கேள்விக்கு விடை இதுவே.

நம் நாட்டின் அரசியலும் அந்தச் சோற்றுக் கோப்பையைச் சுற்றியே சுழன்றிருக்கிறது. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12ஆம் திகதி இடதுசாரிகளின் அழைப்பை ஏற்று நாடு ஹர்த்தாலில் இறங்கிற்று. அவ்வாண்டிலேயே பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். அரிசிக்காக மக்கள் போராடியது நியாயம். அரிசிக்குத் துணையாக வரவேண்டிய மீனும் பருப்பும் பாலும் அவர்களுடைய உரிமையல்லவா என்ற கேள்வியை நாம் போதிய அளவு எழுப்பினோமா? என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

என் வைத்தியர் உறைப்பை வாழ்நாள் முழுதும் தடுக்கவில்லை. மிளகாய் தின்றால் வயிற்றில் புண் வரும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. இரைப்பைப் புண்ணுக்குப் பெரிதும் காரணம் ஒரு நுண்கிருமி என்பதை நிறுவியதற்காக ஆஸ்திரேலியரான பரி மார்ஷலும் ரொபின் வோரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். ஆயினும் வெட்டித் தைத்த இரைப்பை ஆறும்வரை அதைச் சீண்டலாகாது. குழாயாக்கப்பட்ட இரைப்பையில் அமிலம் மேலெழும் தொல்லையும் எளிதில் நேரும். "மெதுவாக, சிறிது சிறிதாக, எரிந்தால் நிறுத்திவிடுங்கள்" என்பதே அவர் தந்த விதி.

விஞ்ஞானிகள் இன்னொன்றும் கூறுகின்றனர். உறைப்பு ஒரு சுவையே அன்று, அது நோவு. சூட்டை உணரும் நரம்பின் வாயிலை மிளகாயிலுள்ள கப்சைசின் திறந்துவிடுகிறது. சுடாத பொருளை உடல் சுட்டதாக எண்ணுகிறது. அவ்வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியசுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கப்சைசின் நீரில் கரையாது. பாலே அதைத் தணிக்கும். என் மனைவி விஞ்ஞானம் படித்தவளல்லள். எனினும் அன்று அவள் தண்ணீரை நீட்டவில்லை, பாலைத்தான் தரக் கேட்டாள்.

அந்த நவம்பர்க் காலையில் நான் உண்டது ஓர் இடியப்பமும் அரைத் தேக்கரண்டிச் சம்பலும். முன்பு பன்னிரண்டு இடியப்பம் உள்ளே போவதற்காகச் சம்பல் வேண்டியிருந்தது. இப்போது அந்தச் சம்பலை உண்பதற்கு ஓர் இடியப்பம் போதுமாயிற்று. தேங்காயின் இனிப்பும் வெங்காயத்தின் நீரும் தேசிப்புளியின் கூர்மையும் உறைப்புக்குள்ளே தனித்தனியாக நிற்பதை ஐம்பது ஆண்டுகளில் முதன்முறையாக உணர்ந்தேன். அத்தனை ஆண்டுகளும் நான் ருசித்தேன் என்று எண்ணியதெல்லாம் விழுங்கியதேயன்றி வேறில்லை.

வெற்றிக் களிப்பில் ஒரு தவறும் செய்தேன். அதன்பின் சில வாரங்களில் ஒரு விருந்துவீட்டில் இறைச்சிக் கறியை அவசரமாக நான்கு வாய் உண்டேன். நெஞ்சு எரிந்து, உண்டது திரும்பி வந்து, இரவு முழுதும் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். வயிறு சிறுத்தாலும் பழைய மனிதன் உள்ளே பெருத்தவனாகவே இருந்தான்.

2024 பெப்ரவரியில், பாடசாலை விட்டு வரும்போது, கொட்டாஞ்சேனையில் புனித லூசியா பேராலயத்துக்குப் போகும் வழியில் அந்த நாட்டாமியைக் கண்டேன். முதலில் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நான் 35 கிலோ குறைந்திருந்தேன். அவரும் மெலிந்திருந்தார். ஒரு சிறிய சாப்பாட்டுக் கடையில் இருவரும் அமர்ந்தோம். ஆளுக்கொரு சோற்றுப் பார்சல் சொல்லப் போனேன். அவர் தடுத்தார்.

"ஒன்னு போதும் சேர். இப்பல்லாம் பகலுக்கு அரைப் பார்சல்தான். மிச்சம் ராவைக்கு." சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார். "உங்க வயித்த டொக்டர் சின்னதாக்கிட்டாரு. எங்க வயித்த வெலவாசி சின்னதாக்கிடுச்சு."

நான் பதில் கூறவில்லை. கூற என்ன இருக்கிறது? எனக்கு வெட்டியெடுக்கப்பட்டது இரைப்பை. பசியும் அதனோடு போய்விட்டது. அவருக்குக் குறைக்கப்பட்டது சோறு. பசி அப்படியே இருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது பொய்.

இரண்டு பார்சல் வாங்கினேன். ஒன்றை அவர் வீட்டுக்கு எடுத்துச் செல்லச் சம்மதித்தார். மற்றதைப் பிரித்து வைத்துக்கொண்டோம். நான் ஒரு துண்டு மீனும் இரண்டு வாய் சோறும் ஓரத்திலிருந்த சம்பலில் சிறிதும் எடுத்துக்கொண்டேன். மீதியை அவர் பிசைந்து உண்டார். அவருடைய நெற்றியில் வேர்வை அரும்பிற்று. "நல்லா ஒறைக்குது சேர்" என்றார். அந்த முகத்தில் நான் கண்ட மகிழ்ச்சியும், நவம்பர்க் காலையில் என் கண்களைக் கலங்க வைத்த மகிழ்ச்சியும் ஒன்றுதான். ஆறுதலாக அமர்ந்து ருசித்து உண்பதை ஆடம்பரம் என்று இனி நான் வகுப்பில் சொல்லமாட்டேன். அது எல்லோருக்கும் உரியது. வேண்டிய பொருள் வேண்டிய அளவு தட்டிலிருந்தாலன்றி அதை எவரும் பெறவியலாது.

கடைப் பையன் வந்து இலையை எடுக்கப் பார்த்தான். நாட்டாமி கையால் மறித்தார். இலையின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் சம்பல் இருந்தது.