சுர்மாச் சிமிழும் கிதாபுப் பெட்டியும்

பட்டியல் எழுதியே புகழ் நிலைத்தவர் ஒருவர் உண்டு. பக்தாது நகரத்துப் புத்தக வணிகரான இப்னுந் நதீம் என்பாரே அவர். ஹிஜ்ரி 377 ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 987 இல், அரபு மொழியில் தம் காலம்வரை தோன்றிய நூல்களின் பெயர்களையும் ஆசிரியர் வரலாறுகளையும் தொகுத்து 'அல்-ஃபிஹ்ரிஸ்த்' என்னும் நூலை இயற்றினார். அவர் குறித்த நூல்களுள் பெரும்பாலானவை இன்று எங்கும் இல்லை. பெயர் இருக்கிறது, ஏடு இல்லை. அரபு ஓதிய எவரும் அதனைப் புரட்டுங்கால் பெருமூச்செறியாமல் இருத்தல் அரிது. கிடைக்காத நூல்மீது வரும் ஏக்கம் அத்தகையது.

அந்த ஏக்கத்தை அண்மையில் நமக்கு நினைவூட்டியது நம்முடைய இளைய மகளின் குறிப்பேடாகும். பள்ளியொன்றில் ஆசிரியையாகப் பணிபுரியும் அவள், சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்க விரும்பும் பொருள்களை ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். ஒளிவுமறைவின்றி நம்மிடமே காட்டினாள். முதல் வரியில் மாதுளம்பூ நிறத்து உதட்டுச்சாயம். அடுத்து, கண்டி நகர் தந்த அறிஞர் சித்தி லெவ்வை அவர்களின் 'அசன்பே சரித்திரம்', 1885 ஆம் ஆண்டின் முதற்பதிப்பு. மூன்றாவது, பென்சில் வடிவக் கண்மை. நான்காவது, 1842 இல் அச்சேறிய சீறாப்புராணம். ஐந்தாவது, கன்னோசி ரோஜா அத்தர். இறுதி வரியில், 'வாப்பும்மாவின் கிதாபு'. ஏனையவற்றிற்கெல்லாம் எதிரே உத்தேச விலை குறித்திருந்தாள். இறுதி வரிக்கு எதிரே ஒன்றுமில்லை.

வீட்டிற்கு வந்திருந்த உறவினர் ஒருவர் அதனைப் பார்த்துவிட்டு, "சீறாவுக்குப் பக்கத்தில் சிவப்புச் சாயமா? ஆலிம் வீட்டுப் பிள்ளை எழுதுகிற எழுத்தா இது?" என்று முகஞ்சுளித்தார். அவருக்கு உதட்டுச்சாயம் ஆடம்பரம். பழைய நூலோ அறிவுத் தாகம். உலகம் பொதுவாக அப்படித்தான் பிரிக்கிறது. நாம் அவ்வாறு பிரிக்க இயலாதவராய் இருக்கிறோம்.

ஒப்பனையை நம் முன்னோர் இழிவாகக் கருதியதில்லை. கொர்தோவா நகரின் புகழ்மிக்க அறுவை மருத்துவர் அஸ்-ஸஹ்ராவி, முப்பது பகுதிகள் கொண்ட தம் மருத்துவப் பேரேட்டில் அழகுப் பொருள்களுக்கும் இடம் ஒதுக்கினார். எலும்பு முறிவைப் பற்றி எழுதிய அதே கை கூந்தல் தைலத்தையும் பற்றி எழுதிற்று. 'இத்மிது' என்னும் சுர்மா பார்வையைத் தெளிவாக்கும், இமை முடியை வளர்க்கும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் பரிந்துரைத்த செய்தி ஹதீஸ் நூல்களில் வந்துள்ளதை மதரஸா மாணவரும் அறிவர். ஐரோப்பியர் மதுவுக்கு வைத்த 'ஆல்கஹால்' என்ற பெயர்கூட, கண்ணுக்கு இடும் மையைக் குறிக்கும் 'அல்-குஹ்ல்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததே. மைக்குரிய பெயர் போயும் போயும் எதற்கு வாய்த்தது பாருங்கள்! ஒப்பனை யார் முன்னிலையில், எந்த அளவில் என்பது வேறு வினா. அதற்கு ஃபிக்ஹு நூல்கள் விடை சொல்லும். ஆசைப்படுவதே குற்றம் என்று எந்த நூலிலும் நாம் ஓதவில்லை.

ஒன்றை மட்டும் மகளிடம் அழுத்தமாகச் சொன்னோம். சுர்மா என்ற பெயரில் கடைகளில் விற்கும் பொடிகள் பல உண்மையில் இத்மிது அல்ல. ஈயமும் கந்தகமும் சேர்ந்த கனிமத்தை அரைத்த தூள். ஈயம் உடலுள் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பது இன்று ஐயத்திற்கிடமின்றித் தெளிவாகியிருக்கிறது. ஹஜ்ஜிலிருந்து வந்தது என்பதற்காகவே பச்சிளங் குழந்தையின் கண்ணில் அதனைத் தீட்டுதல் பரிவாகாது. நம் தாயார் கரிசலாங்கண்ணிச் சாற்றில் தோய்த்து உலர்த்திய திரியை விளக்கெண்ணெயில் எரித்து, புகையைச் செப்புத் தட்டில் ஏந்தி மை கூட்டுவார்கள். மகளின் பென்சில் மையைவிட அது சிறந்ததா என்று கேட்டால், மணத்தில் சிறந்தது. கன்னத்தில் வழிவதிலும் முந்தியது.

அத்தரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் செப்புப் பானையில் மலரை வேகவைத்து, ஆவியை மூங்கிற் குழாய் வழியே சந்தன எண்ணெயில் இறக்கி எடுக்கும் பழைய முறை இன்றும் வழக்கிலிருக்கிறது. விலை மிகுதிதான். ஆயினும் அது உடையவருக்கு மட்டும் மணப்பதில்லை; பக்கத்தில் நிற்பவருக்கும் பங்குண்டு.

இனிப் புத்தக ஆசைக்கு வருவோம். அறிவுத் தாகம் என்னும் போர்வை எப்போதும் இதற்குப் பொருந்தாது. மக்கரி தம்முடைய அந்தலுஸ் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். ஹள்ரமி என்னும் அறிஞர் தாம் நெடுநாள் தேடிய நூலொன்றை எதிர்பார்த்துக் கொர்தோவாவின் புத்தகச் சந்தைக்கு நாள்தோறும் சென்று வந்தார். ஒருநாள் அந்நூல் அழகிய கையெழுத்தில் ஏலத்திற்கு வந்தது. அவர் ஒரு விலை கேட்டார். ஏலம் கூறுபவன் அதைவிட உயர்ந்த விலையோடு திரும்பி வந்தான். மறுபடி கேட்டார், மறுபடியும் உயர்ந்தது. நூலின் தகுதியைக் கடந்து விலை ஏறவே, தம்மை மிஞ்சுபவர் யார் என்று காண விரும்பினார். பெருஞ்செல்வ உடையில் ஒருவர் நின்றிருந்தார். அவரை மார்க்க மேதையென எண்ணி மரியாதையுடன் பேசினார் ஹள்ரமி. அந்த மனிதரோ, தாம் மேதையுமல்லர், அந்நூலில் என்ன இருக்கிறதென்று அறிந்தவருமல்லர் என்றார். ஊர்ப் பெரியோரிடையே மதிப்புப் பெற ஒரு நூலகம் அமைப்பதாகவும், அலமாரியில் இந்நூலின் அளவுக்கு ஓர் இடம் காலியாக இருப்பதாகவும், எழுத்தும் கட்டும் கண்ணுக்கு அழகாயிருப்பதால் விலையைப் பொருட்படுத்தவில்லை என்றும் சொன்னார். பல்லில்லாதவருக்கல்லவா கொட்டை கிடைக்கிறது என்ற பொருளில் மனம் நொந்து பேசிவிட்டு வெளியேறினார் ஹள்ரமி.

அச்செல்வர் விரும்பியதும் ஒப்பனைதானே! முகத்திற்கு அல்ல, கூடத்துச் சுவருக்கு. நம் காலத்திலும் அவருடைய வழித்தோன்றல்கள் உளர். உமறுப் புலவரின் சீறா, ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்களின் முயற்சியால் முதன்முதல் 1842 இல் அச்சாயிற்று. அப்பதிப்பைக் கண்ணாடிப் பேழையில் வைத்து விருந்தினருக்குக் காட்டுவோர், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அதன் பாடல்களில் எத்தனையைப் பயின்றிருப்பர்? எல்லாச் சேகரிப்பாளரும் அத்தகையோர் என்று சொல்லோம். கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்களும் இதழ்களும் அறிவிப்புத் தாள்களும், 1992 இல் அவர் மறைந்தபின், 1994 முதல் அவர் பெயரிலேயே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகின்றன. ஆய்வாளர் பலருக்கு அது புகலிடம். பூட்டி வைக்கும் ஆசைக்கும் திறந்து வைக்கும் ஆசைக்கும் உள்ள தொலைவு அது.

மகளின் கடைசி வரிக்கு வருகிறோம். அந்தக் கிதாபு நம் தாயாருடையது. கல்லச்சில் பதித்த அறபுத்தமிழ் நூல். முதலேடும் கடையேடும் இல்லை. தொழுகை, நோன்பு பற்றிய பெண்களுக்கான விளக்கங்களும் சில மாலைப் பாடல்களும் அடங்கியது. உள்ளட்டையில் யாரோ ஒரு பழையவர் 'யா கபீகஜ்' என்று எழுதியிருக்கிறார். பூச்சி அரிக்காமலிருக்க அரபு ஏடுகளில் எழுதி வந்த சொல் அது. பூச்சிக்கு அரபு தெரியவில்லை போலும். நாற்பது பக்கங்களில் துளையிருக்கிறது. நடுப்பக்கமொன்றில் ஓரத்தில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெருவிரல் ரேகை. மருதோன்றி உலருமுன்னே பக்கத்தைத் திருப்பிய நம் தாயாரின் விரல். அவர்களும் கையில் சிவப்போடுதான் கிதாபு ஓதினார்கள் என்று உறவினருக்கு நாம் எடுத்துச் சொன்னபோது அவர் மறுமொழி பகரவில்லை.

பாகப் பிரிவினையில் அது நம் மூத்த சகோதரருக்குச் சென்றது. அவர் மறைந்தபின் அவருடைய மகனிடம் இருக்கிறது. அவருக்கு அறபுத்தமிழ் வாசிக்கத் தெரியாது. அது அவர் குறையன்று, கற்பிப்பார் இல்லாமற் போன காலத்தின் குறை. பழம்பொருள் வியாபாரி ஒருவர் எண்ணாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். உரிமை அவருடையது, அதில் நமக்கு ஐயமில்லை. மரபுரிமையைப் பிறர்க்குப் போதித்துவிட்டு, உறவைக் காட்டி இலவசமாகக் கேட்பது நமக்கு அழகன்று. அதே விலையை நாம் தருவதாக எழுதினோம். கடன்பட்ட குடும்பம் அது. வியாபாரி இன்னும் கூட்டித் தரக்கூடும் என்று எதிர்பார்க்கிறார். அந்த எதிர்பார்ப்பை நாம் எவ்வாறு பழிப்பது?

மகளின் சேமிப்பு ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஓரிரவு அவள் பட்டியலில் சில வரிகளை அடித்தாள். உதட்டுச்சாயம் அடிபட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம். அது அப்படியே இருந்தது. 'அசன்பே'யும் 1842 ஆம் ஆண்டுச் சீறாவும் அடிபட்டிருந்தன.

"இரண்டுக்கும் மறுபதிப்பு வந்திருக்கிறது, வாப்பா. படிக்க அது போதும். உதட்டுச்சாயத்துக்கு மறுபதிப்பு எங்கே இருக்கிறது?" என்றாள்.

அத்தரையும் பின்னர் தள்ளிவைத்தாள். வாப்பும்மாவின் கிதாபுக்கு எதிரே இப்போது எண்ணாயிரம் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி இட்டிருக்கிறாள். வரும் மாதம் வியாபாரி ஊருக்கு வருகிறார். அவர் விலை சொல்லுமுன் தானும் அங்கிருந்து, அந்த மருதோன்றிப் பக்கத்தை அண்ணன் காதுபட ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டுமாம். நாமும் உடன் செல்கிறோம். கூட்டல் குறிக்கு நம் பங்காக இரண்டாயிரம் எடுத்து வைத்திருக்கிறோம். அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.